ஏழு லோடு ஜல்லி

ஏழாவது லோடு ஜல்லியும் காணாமல் போயிருந்தது.

ஜோதிமணி குடையைப் பிடித்துக்கொண்டு பாதையின் நடுவில் நின்று பார்த்தாள். பத்து நாளைக்கு முன்னால் லாரியிலிருந்து சரசரவென்று இறங்கிய கருங்கல் ஜல்லி அது. கணுக்கால் உயரத்துக்கு மேலிருந்து கீழ்வரை பரப்பியிருந்தார்கள். நடுவில் நாலு நாள் ஐப்பசி மழை. இப்போது அங்கே இருந்தது சேறு. கிண்டி இறக்கிய கேழ்வரகுக் களி மாதிரிச் சேறு, அதில் டயர் பதிந்த இரண்டு நீளப் பள்ளம், பள்ளம் நிறையத் தண்ணீர். அங்கங்கே ஒரு கை அள்ளுகிற அளவுக்குக் கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. மீதி எங்கே?

மழை அடித்துக்கொண்டு போயிருந்தால் கீழே ரோட்டோரச் சாக்கடையில் குவிந்திருக்க வேண்டும். போய்ப் பார்த்தாள். சிப்ஸ் பாக்கெட்டும் யூகலிப்டஸ் இலையும்தான் குவிந்திருந்தன. யாராவது திருடியிருந்தால்? ஒரு லோடு ஜல்லியை மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது. வண்டி வேண்டும். வண்டி ஏறத்தான் அங்கே பாதை இல்லையே.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ரோட்டிலிருந்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை விடும் அவர்களுடைய காட்டேஜ் வாசல்வரை நாற்பது தப்படி, எல்லாம் ஏற்றம். அந்த நாற்பது தப்படிதான் மூன்று வருஷத்தில் ஏழு லோடு ஜல்லியை வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி முழித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குத்தான் இது புரியவில்லை. அவள் வீட்டுக்காரர் இராமலிங்கத்துக்குப் புரியாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. முதல் லோடு போனபோது, பக்கத்துப் பங்களாவில் இருக்கும் ரிட்டையர்டு பேங்க் மேனேஜர்தான் எடுத்தார் என்றார். மேனேஜருக்கு எழுபத்தாறு வயது, ஆஸ்துமா வேறு. இருந்தாலும் கேமரா மாட்டினார். பதினாறு நாள் பதிவை உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு காட்டுமாடு வந்து கேமராவை உற்றுப் பார்த்து, மூத்திரம் பெய்துவிட்டுப் போனது. தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து குனிந்து கல்லை எண்ணினார். அது இராமலிங்கமேதான். வேறு யாரும் வரவில்லை.

நாலாவது லோடுக்கு வத்தலக்குண்டிலிருந்து வாஸ்துக்காரர் வந்தார். பூமிக்குப் பசி என்றார். பாதையின் நட்டநடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் புதைத்து, அதன் மேல் செங்கல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மழையில் செங்கல்லும் காணாமல் போனது.

"பசின்னு சொன்னேன்ல" என்றார் வாஸ்துக்காரர் போனில்.

இதில் சிரிக்க ஜோதிமணிக்கு நேரமில்லை. காரணம் தண்ணீர். கொடைக்கானலில் வருஷம் பூராவும் மழை கொட்டும், குளிக்கிற தண்ணீர் மட்டும் டேங்கரில் வரும். டேங்கர் ஓட்டுகிற ஜெயபிரகாஷ் உள்ளூர்ப் பையனாக இருந்து, மிஷன் ஸ்கூலில் பத்தாவது படித்து, இப்போது நாற்பது வயதில் ஊர்த் தண்ணீருக்கே முதலாளி மாதிரிப் பேசுகிறவன். போன வாரம் பாதி ஏற்றத்தில் அவன் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. இன்னொரு டேங்கரைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள்.

"அக்கா, ஸாரிக்கா" என்றான் அவன். "நாலாயிரம் லிட்டர் வச்சிருக்கேன். இது டிரைவ்வே இல்ல, ஸ்விம்மிங் பூல். இனிமே ரோட்லதான் நிப்பேன். கெஸ்ட்டுங்களை வாளியோட கீழ வரச் சொல்லுங்க. டிரெக்கிங் பேக்கேஜ்னு போர்டு போட்டுக்கங்க."

அன்றைக்குத்தான் இராமலிங்கம் ஈஸி சேரில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னார். "சித்திரை ஒண்ணாந்தேதிக்குள்ள லோடு வண்டி வாசல் வரைக்கும் ஏறணும். ஏறலைன்னா பூட்டிட்டுப் பழனிக்குப் போயிருவோம். ராஜமுருகன் சரின்னுட்டான்."

ராஜமுருகன் அவருடைய தம்பி. அடிவாரத்தில் குடும்பத்துப் பஞ்சாமிர்தக் கடையைப் பார்த்துக்கொள்கிறவன். கடைக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஒரு அறை உண்டு. அதில்தான் ஜோதிமணி பதினெட்டு வருஷம் டப்பா மூடிக்கு லேபிள் ஒட்டினாள். மகள் கல்யாணம் முடிந்த கையோடு, இந்தக் காட்டேஜை வாங்கலாம் என்று அவளாகத்தான் சொன்னாள். சொன்னது மட்டுமில்லை, தன் நகையையும் கொடுத்தாள். இங்கே எந்த அறைக்கு என்ன திரைச்சீலை, காலைப் பலகாரம் என்ன, நாய் கொண்டுவரும் ஆட்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அவள் முடிவு. ஐம்பது வயதில் முதன்முதலாகத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் மனிதர்கள் கிடைத்திருந்தார்கள். ஜோதி மேடம்.

ராஜமுருகன் அன்றைக்கே போன் செய்தான். "மதினி, கவலையே படாதீக. ஒங்க ஸ்டூலை நான் யாருக்கும் குடுக்கல. அப்படியே கெடக்கு."

இப்படிப்பட்ட பாசத்தை நினைத்துக்கொண்டுதான் அவள் மழையில் நின்றாள். நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. குடையை மடக்கி, அதன் கூர் முனையால் சேற்றில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

குடை ஒரு சாண் ஆழம் வெண்ணெயில் கத்தி போவது போல இறங்கியது. அப்புறம் டக் என்றது.

இன்னொரு இடத்தில் குத்தினாள். ஒரு சாண், டக். மூன்றாவது இடத்திலும் அதே.

"மாயக்கா! மண்வெட்டி எடுத்துட்டு வா!"

காட்டேஜில் சமையலும் அறை கூட்டுவதும் மாயக்காள் பொறுப்பு. சொந்த ஊர் வெள்ளகவி. கொடைக்கானலிலிருந்து கால்நடையாக மட்டுமே இறங்கக்கூடிய ஊர். ஏழு லோடு விவகாரம் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. "எங்கூர்ல ரோடே இல்லம்மா. அதனால காணாமப் போறதுக்கு ஜல்லியும் இல்ல."

இரண்டு பேரும் வெட்டினார்கள். ஒரு சாண் சேற்றுக்கு அடியில் ஜல்லி இருந்தது. அதற்குக் கீழே சேறு, சேற்றுக்குக் கீழே மறுபடி ஜல்லி. முழங்கால் ஆழம் போனபோது வாஸ்துக்காரரின் செங்கல் வந்தது. இன்னும் ஒரு கை ஆழத்தில் முதல் வருஷத்து ஜல்லி. ஒரு கல்கூட எங்கேயும் போகவில்லை. மூன்று வருஷமாக எல்லாரும் பக்கத்துக் காம்பவுண்டு, கீழ் ரோடு, ஆகாயம் என்று தேடினார்கள். நின்ற இடத்துக்குக் கீழே தேடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஜோதிமணிக்கு அந்தக் குழியைப் பார்த்ததும் பழக்கமான எதையோ பார்ப்பது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. மலைப்பழத்தைப் பிசைந்து சர்க்கரை போட்ட அண்டாவில், கலவை இறுகுவதற்கு முன்னால் கற்கண்டைத் தூவினால் என்ன ஆகும்? கற்கண்டு கீழே போய்விடும். அது விலகிய இடத்தைப் பழக்கூழ் மேலே வந்து பிடித்துக்கொள்ளும். மேலே எவ்வளவு தூவினாலும் பார்வைக்கு வெறும் கூழ்தான் தெரியும். இங்கேயும் அதேதான். இந்த மலைக் களிமண் காய்ந்திருக்கும்போது பாறை மாதிரி நிற்கும், நனைந்தால் பழக்கூழ். வண்டி ஒரு தடவை ஏறினால் சக்கரத்துக்கு அடியில் உள்ள கல் ஒரு நூல் அளவு கீழே இறங்கும், கல்லுக்கு நடுவில் சேறு ஒரு நூல் மேலே பிதுங்கும். ஐம்பது தடவை ஏறி இறங்கினால் சேறு மேலே, கல் கீழே. அதற்கு மேல் இன்னொரு லோடு கொட்டுவது கூழுக்குக் கற்கண்டு வைப்பதுதான்.

குழியைக் கணவருக்குக் காட்டினாள். இராமலிங்கம் இடுப்பில் கைவைத்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப ஒண்ணும் வீணாகல. நான் போட்டது பூரா உள்ளதான் இருக்கு. இது ஃபவுண்டேசன்! இன்னும் ஒரு ஏழு லோடு போட்டா தன்னால மேல வந்துரும்."

"மேல வாறதுக்குள்ள நாம கீழ போயிருவோம்" என்றாள் ஜோதிமணி.

இந்த ஏழு லோடு கதை ஜல்லி லாரிக்காரர்கள் மூலமாக ஊரெல்லாம் பரவி, மார்கழிக் கடைசியில் கந்தவேலைக் கொண்டுவந்து சேர்த்தது. திண்டுக்கல்லில் தரைக் கட்டுமானச் சாமான் விற்கிறவர். மலையில் டை கட்டிக்கொண்டு வந்த முதல் வியாபாரி. ஒரு ஆள் சுமக்கிற அளவுக்குக் கருப்பு பிளாஸ்டிக் பட்டைகளை அடுக்கி ஒட்டிய கட்டு ஒன்றைக் கீழே வைத்து, ஒரு முனையை மாயக்காளிடம் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். கல்யாண மண்டபத்தில் தொங்கவிடுகிற காகித மணி விரிவது போல அந்தக் கட்டு விரிந்தது. தரை முழுக்கத் தேன்கூடு. ஒவ்வொரு அறையும் ஒரு சாண் அகலம், நாலு விரல் உயரம். அடியும் கிடையாது, மூடியும் கிடையாது.

"ஜியோசெல்" என்றார் கந்தவேல். "ஜெர்மன் டெக்னாலஜி. இதுக்குள்ள ஜல்லியைப் போட்டா லாரி போகும், பஸ் போகும்."

"எப்படிங்க போகும்?" என்றாள் ஜோதிமணி.

"ஜெர்மன் டெக்னாலஜிங்க மேடம்."

"அது சரிங்க. அடியில்லாத டப்பா. கல்லு கீழ எறங்காம எது பிடிக்கும்?"

கந்தவேல் டையைச் சரிசெய்துகொண்டார். இராமலிங்கம் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கொண்டிருந்தார். "ஏங்க, சரக்கு பூரா ஓட்டையா இருக்கு. ஓட்டையில்லாததா ஒண்ணு எடுத்து வைங்க."

உண்மையில் பட்டை நெடுகச் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வரிசையாகத் துளைகள் இருந்தன. அது ஏன் என்று கந்தவேலுக்கும் தெரியவில்லை. ஒரு கையேட்டைக் கொடுத்துவிட்டு, வெள்ளையாக ஒரு துணி உருளையும் கூட வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜோதிமணி கையேட்டைப் படித்தாள். பாதி புரிந்தது. மீதியைச் செய்துதான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவளுக்கு உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஒரு சாமான் பஞ்சாமிர்த டப்பா. ஏழு டப்பாவின் அடியை அறுத்து, நடுவில் ஒன்று சுற்றி ஆறாகச் சேர்த்துக் கட்டினாள். அகலமான தாம்பாளத்தில் சேற்றை நிரப்பினாள்.

முதலில் சேற்றின் மேல் வெறும் ஜல்லியைக் குவித்து, அதில் மாயக்காளை ஏறி நிற்கச் சொன்னாள். கல் நாலா பக்கமும் ஓடியது. கால் சேற்றில் இறங்கியது.

"அம்மா, எனக்கு நேர்த்திக்கடன் ஒண்ணும் இல்லையே?"

அடுத்து டப்பாக்களைச் சேற்றின் மேல் வைத்து ஜல்லியை நிரப்பினாள். மாயக்காள் ஏறினாள். இந்தத் தடவை கால் இறங்கவில்லை. ஜோதிமணி குனிந்து பார்த்தாள். காலின் பாரம் கல்லை நேராகக் கீழே மட்டுமில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. கல் பக்கவாட்டில் ஓடினால்தான் காலுக்குக் கீழே இறங்க இடம் கிடைக்கும். டப்பாவின் சுவர் ஓடவிடவில்லை. அந்தச் சுவரைப் பக்கத்து டப்பாவில் உள்ள கல் மறுபக்கமிருந்து தாங்குகிறது. ஓட வழியில்லாத கல் ஒன்றோடொன்று இறுகி ஒரே பலகை மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் ஒரு காலின் பாரத்தை ஏழு டப்பாவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சாக்கில் கட்டிய அரிசி மேல் ஆள் நிற்கலாம், கொட்டிய அரிசி மேல் நிற்க முடியாது. அவ்வளவுதான் ஜெர்மன்.

ஆனால் இருபது தடவை ஏறி இறங்கியதும் டப்பாவின் அடிப்பக்கத்திலிருந்து சேறு மெல்லக் கல்லுக்கு நடுவில் ஏறி வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சேற்றின் மேல் ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்து, அதன் மேல் டப்பாவை வைத்தாள். இப்போது மாயக்காள் ஐம்பது தடவை குதித்தும் சேறு வரவில்லை. மேலே ஊற்றிய தண்ணீர் மட்டும் துணி வழியாகக் கீழே போனது. அப்போதுதான் அந்த வெள்ளைத் துணி உருளை எதற்கு என்று விளங்கியது. கல்லைப் பிடித்துவைப்பது தேன்கூடு. சேற்றைக் கீழேயே பிடித்துவைப்பது துணி. துளைகள் தண்ணீர் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து வெளியேற.

"என்னங்க, துணிதான் முக்கியம்" என்று கணவரிடம் மூன்று தடவை சொன்னாள். "ஓரத்துல வாய்க்கா வெட்டணும். ஜல்லி கூட்டுக்கு மேல மூணு விரல் நிக்கணும்."

"நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு."

கிளம்பத்தான் வேண்டியிருந்தது. தைப்பூசம். பாதயாத்திரைக் கூட்டம் மலையடிவாரத்தை மொய்க்கிற நேரத்தில் கடையில் ஆள் போதாது. வருஷா வருஷம் பதினைந்து நாள் அவள் போக வேண்டும் என்பது குடும்பத்தில் எழுதாத சட்டம். போனாள். ஜன்னலில்லாத அறையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து லேபிள் ஒட்டினாள்.

"பாத்தீகளா, கை மறக்கல" என்றான் ராஜமுருகன், மனதாரப் பாராட்டுகிறவன் போல.

மாசி பிறந்து அவள் திரும்பியபோது வேலை முடிந்து, திறப்பு விழாவுக்குச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

இராமலிங்கத்தின் முப்பது வருஷக் கடை அனுபவத்தை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். அடிவாரத்தில் இருநூறு கடை. எது கண்ணில் படுகிறதோ அது விற்கும். கண்ணாடிக்கு முன்னால் நெய்யும் பேரீச்சையும் மினுங்க வேண்டும், மற்றதை உள்ளே தள்ள வேண்டும். அதே கண்ணால் இந்தப் பாதையையும் பார்த்தார். மண்ணுக்குள் போய் மறையப்போகிற துணிக்கு இவ்வளவு வெள்ளை எதற்கு? அதை எடுத்து விழாப் பந்தலுக்குப் பின்திரையாகக் கட்டிவிட்டார். ஊரில் எவனும் பார்த்திராத ஜெர்மன் தேன்கூட்டை ஜல்லி போட்டு மூடினால் யாருக்குத் தெரியும்? அதனால் கல்லை விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்தி, கருப்பு விளிம்பு பளபளவென்று வெளியே தெரியும்படி விட்டார். கருங்கல் ஜல்லி அழுமூஞ்சியாக இருக்கும் என்று ஆற்றங்கரை வெள்ளைக் கூழாங்கல்லாகப் பார்த்து வாங்கிப் போட்டார். பாதை ஓரத்தில் வாய்க்கால் வெட்டினால் அழகு கெடும் என்று இரண்டு பக்கமும் ரோஜாத் தொட்டி வைத்தார்.

பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. நகைக்கடைப் பெட்டி மாதிரி.

"என்னங்க, துணி?"

"பின்னால திரும்பிப் பாரு. கல்யாண மண்டபம் தோத்துப்போகும்."

விழாவன்று காலையில், கூழாங்கல் இன்னும் மின்ன வேண்டும் என்று, தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் ஹோஸ் வைத்துப் பாதையில் அடித்தார். அடியில் இருந்த களிமண் ஆசையாகக் குடித்தது.

பழனியிலிருந்து இரண்டு வேன் நிறையச் சொந்தம் வந்து பந்தலில் உட்கார்ந்தது. ராஜமுருகன் முதல் வரிசை. பாதையின் அடியில் ஜெயபிரகாஷின் டேங்கர், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், நெற்றியில் சந்தனம். நாலாயிரம் லிட்டர். அவன் ஜன்னல் வழியாக ஜோதிமணியைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஹானஸ்டாச் சொல்லுங்க. ஏறுமா?"

"ஏறாது, தம்பி."

"தேங்க்ஸ்க்கா. ஹேண்ட் பிரேக்ல கை வச்சுக்கறேன்."

இராமலிங்கம் ரிப்பனை வெட்டினார். டேங்கர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஏறியது. முதல் ஐந்து தப்படி கைதட்டல். ஆறாவது தப்படியில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கருப்பு விளிம்புகள் டயருக்கு அடியில் அப்பளம் மாதிரி மடங்கிப் படுத்தன. பத்தாவது தப்படியில் கூழாங்கற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கத் தொடங்கின. அவை உருண்டை. கருங்கல் ஜல்லிக்கு மூலை முடுக்கு உண்டு, ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். ஆற்றில் உருண்டு தேய்ந்த கல் யாரையும் பிடித்துவைக்காது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வெள்ளைக் கல் படபடவென்று பந்தலை நோக்கிப் பறந்தது. துணியில்லாத அடிமண்ணிலிருந்து சேறு ஒவ்வொரு அறைக்குள்ளும் இட்லிக் குழியில் மாவு நிறைவது போல நிறைந்தது. டேங்கர் கௌரவமாக, அவசரமே இல்லாமல், பின்னோக்கி வழுக்கி மூன்று ரோஜாத் தொட்டியை உடைத்துவிட்டு நின்றது.

சொந்தக்காரர்களின் வெள்ளை வேட்டிகளில் சேற்றுப் புள்ளிகள். பின்திரை ஒன்றுதான் கறையில்லாமல் தொங்கியது.

"ஜெர்மன்காரனுக்கு நம்ம மண்ணு தெரியல" என்றார் இராமலிங்கம்.

"பாவம், அவன் ரோஜாத் தொட்டி வச்சே பாத்திருக்க மாட்டான் சார்" என்றான் ஜெயபிரகாஷ்.

ராஜமுருகன் எழுந்து வந்து மதினியின் அருகில் நின்றான். குரலில் அத்தனை கரிசனம். "விடுங்க மதினி. சித்திரைக்கு இன்னும் ஒன்றரை மாசம்தான். வெள்ளனே பேக் பண்ண ஆரம்பிச்சுருங்க. ஸ்டூலுக்குப் புதுசா குசன் போட்டிருக்கேன்."

சொந்தம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஜோதிமணி பந்தலுக்குள் போய், பின்திரையின் முடிச்சை அவிழ்த்து, துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "ஒன்றரை மாசம் இருக்குல்ல" என்றாள்.

மறுநாள் வேலை தொடங்கியது. மாயக்காள், அவளுடைய ஊரிலிருந்து வந்த நாலு பேர், சும்மா நிற்கிற நேரத்தில் ஜெயபிரகாஷ். கூழாங்கல்லை அள்ளி ரோஜாச் செடிக்கு அடியில் போட்டார்கள். மடங்கிய துண்டுகளை அறுத்துவிட்டு நல்லதைப் பிரித்து எடுத்தார்கள்; குறைந்த அளவுக்குக் கந்தவேலிடமிருந்து ஒரு கட்டு வந்தது. பாதையை முதல் வருஷத்து ஜல்லி வெளியே வருகிற ஆழம் வரை தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் கம்பி வலைச் சல்லடையில் போட்டுச் சலித்தபோது, மூன்று வருஷமாகக் காணாமல் போன ஏழு லோடு ஜல்லியும் கட்டி கட்டியாகச் சேற்றோடு வெளியே வந்தது. வலைமேலேயே பரப்பி வைத்தார்கள். பங்குனியில் இரண்டு கோடை மழை பெய்து கழுவிக் கொடுத்தது. புதிதாக ஒரு கல் வாங்கவில்லை.

"பூமிக்குப் பசியடங்கிருச்சு போல" என்றாள் மாயக்காள், "எல்லாத்தையும் கக்கிருச்சு."

சலித்த மண்ணைத் திரும்பப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து, நடுவில் மேடும் ஓரத்தில் சரிவுமாக்கினார்கள். இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டினார்கள். துணியை விரித்து, துணியோடு துணி ஒரு முழம் மேலேறும்படி போட்டார்கள். தேன்கூட்டை இழுத்து முழுசாக விரித்து, ஏற்றத்தின் தலைப்பில் இரும்பு முளை அடித்துப் பிடித்தார்கள். இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது மொத்தப் பாயும் கீழே வழுக்கும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு அறையிலும் ஜல்லி. விளிம்பு நிறைந்த பிறகும் நிறுத்தாமல், மேலே மூன்று விரல் கனத்துக்குப் போட்டு இடித்தார்கள். டயர் கல்லைத்தான் தொட வேண்டும், பட்டையைத் தொடவே கூடாது.

இராமலிங்கம் ஒரு வாரம் ஈஸி சேரில் இருந்து பார்த்தார். எட்டாம் நாள் தானாக எழுந்து வந்து ஒரு கூடையைத் தூக்கினார். வேலை முடிந்ததும் பாதையை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "ஏ, ஜோதி, ஒண்ணுமே தெரியலையே?"

"தெரிஞ்சாத்தாங்க தப்பு."

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் வரை மழை அடித்துப் பெய்தது. மழை விட்ட கையோடு ஜோதிமணி ஜெயபிரகாஷுக்குப் போன் போட்டாள்.

"காயட்டும்க்கா, நாளைக்கு வாறேன்."

"இப்பவே வா. ஈரத்துல ஏறுனாத்தான் ஏறுனது. வெரசா வா."

பந்தலும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. டேங்கர் ரோட்டிலிருந்து திரும்பி முதல் கியரில் ஏறியது. ஜல்லி நறநறவென்றது. இருபது தப்படி, முப்பது. வாசலில் வந்து நின்றது. ஜெயபிரகாஷ் இறங்கி, நாற்பது தப்படியையும் நடந்து பார்த்துவிட்டு வந்தான். பள்ளம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. கலங்கல்கூட இல்லை.

"அக்கா" என்றான், தொப்பியைக் கழற்றி. "இனிமே டிரெக்கிங் பேக்கேஜ் கேன்சல்."

சித்திரை ஒன்றாம் தேதி காட்டேஜில் எல்லா அறையும் நிறைந்திருந்தது. பூட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. இராமலிங்கம் பாதையின் முகப்பில் மட்டும் ஒரு போர்டு வைத்துக்கொண்டார். 'கீழே ஜெர்மன் டெக்னாலஜி.' வருகிறவர்கள் குனிந்து வெறும் ஜல்லியைப் பார்த்துவிட்டு அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

வைகாசிக் கடைசியில் ராஜமுருகன் போன் செய்தான். ஸ்டூல் பேச்சை எடுக்கவில்லை. நலம் விசாரித்தான், மழை விசாரித்தான், இருமினான்.

"மதினி, நம்ம குடோனுக்குப் போற வழி இருக்குல்ல, களிமண்ணு. பழ லாரி நேத்து எறங்கிருச்சு. பழம் பூரா உள்ள அழுகிக் கெடக்கு. ரெண்டு லோடு ஜல்லி போட்டேன்." குரல் தாழ்ந்தது. "காணோம்."

"ம்."

"அண்ணன்கிட்டக் கேட்டா ஜெர்மன்ங்கறாரு. அதுக்கு மேல சொல்லத் தெரியல."

ஜோதிமணி வாசலில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேனா எடுத்துக்கங்க, ராஜமுருகன். போட்ட ஜல்லி எங்கயும் போகல, தோண்டி எடுத்துச் சலிச்சுக் கழுவுங்க. மண்ணை இடிச்சு, தண்ணி ஓரத்துக்கு ஓடுற மாதிரிச் சரிவு வைங்க, ரெண்டு பக்கமும் வாய்க்கா வெட்டுங்க. மண்ணு மேல துணி. துணி மேல தேன்கூடு, முழுசா விரிச்சு முளை அடிக்கணும். அதுக்குள்ள மூலையுள்ள கருங்கல் ஜல்லி, உருண்டைக் கல்லு ஆகாது. கூட்டுக்கு மேல மூணு விரல் கனம் வர்ற வரைக்கும் போட்டு இடிங்க. முடிச்சுட்டுப் பாக்கும்போது துணியும் தெரியக்கூடாது, கூடும் தெரியக்கூடாது. வெறும் ஜல்லிதான் தெரியணும்."